முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்தீர்களா?
வாசகர் கேள்வி – பதில்

நோயாளிகளையும் முதியவர்களையும் குழந்தைகளையும் கவனிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது செய்ய வேண்டிய பின்னணிச் சரிபார்ப்பைப் பற்றிப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆள் எடுப்பவர்கள், வேலை தேடுபவர்கள், முன்னாள் ஊழியரைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் என மூன்று தரப்பினரும் இதில் உண்டு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் அடையாளத்தை வெளியிடவில்லை.

கேள்வி: மழலையர் காப்பகம் நடத்துகிறேன். புதிதாக வரும் ஆயாக்கள், ஆசிரியைகள் அனைவரிடமும் காவல்துறையின் குற்றப் பின்னணிச் சான்றிதழ் வாங்கிவிடுகிறேன். அதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

பதில்: சான்றிதழ் வாங்குவது அவசியம்; அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அந்தத் தாள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். ஒருவர் செய்த தவறு வெளியே தெரிந்து, யாரோ ஒருவர் துணிந்து புகார் கொடுத்து, அது வழக்காகப் பதிவாகி, நீங்கள் கொடுத்த பெயரோடும் பிறந்த தேதியோடும் அந்தப் பதிவு பொருந்தினால்தான் சான்றிதழில் ஏதேனும் தென்படும். பெற்றோர் அவமானத்துக்கு அஞ்சிப் புகார் கொடுக்காதவை, கொடுத்த பின் திரும்பப் பெற்றவை, நிர்வாகமே உள்ளுக்குள் பேசி முடித்தவை, வேறு நாட்டில் நடந்தவை ஆகியவை அதில் வராமல் போகலாம்.

இங்கிலாந்தில் சோஹம் என்ற ஊரில் 2002 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்ற இயன் ஹன்ட்லி அங்கிருந்த ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். அவர் முன்பு வசித்த பகுதியில் 1995-க்கும் 1999-க்கும் இடையில் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் பல முறை எழுந்திருந்தன. எதிலும் அவர் தண்டிக்கப்படவில்லை. சர் மைக்கேல் பிச்சார்ட் தலைமையில் நடந்த விசாரணை 2004-இல் அறிக்கை அளித்தபோது, காவல்துறை தன்னிடம் இருந்த தகவல்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்கவும் பகிரவும் தவறியது வெளிப்பட்டது. ஹன்ட்லி அப்போது பயன்படுத்தி வந்த வேறொரு குடும்பப் பெயரில் மட்டுமே பதிவேடு தேடப்பட்டதும், பள்ளி அவருடைய முந்தைய வேலை விவரங்களைத் துருவிப் பார்க்காமல், "சம்பந்தப்பட்டவருக்கு" என்று பொதுவாக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஏற்றுக்கொண்டதும் அப்போதுதான் வெளியே வந்தன. அதன் விளைவாக 2006-இல் ஒரு சட்டம் வந்தது. குழந்தைகளோடும் நலிந்த பெரியவர்களோடும் வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒரே இடத்தில் பராமரிக்கப்படுகிறது. 2012-இலிருந்து அந்தப் பட்டியலையும் குற்றப் பின்னணிச் சான்றையும் அங்கே ஒரே அமைப்பு கவனிக்கிறது.

ஆகவே, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே நீங்கள் செய்ய வேண்டியது உண்டு. வேலைக்கு வருபவர் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் கேளுங்கள். திருமணத்துக்கு முந்தைய பெயரும், தலைப்பெழுத்து மாறிய பெயரும் இதில் அடங்கும். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான முகவரிகளையும், வெளிநாட்டில் இருந்திருந்தால் எந்தெந்த நாடு என்பதையும் எழுதி வாங்குங்கள். படிப்பு முடிந்த நாள் முதல் இன்றுவரை எங்கே என்ன செய்தார் என்பதை மாதமும் ஆண்டுமாக நிரப்பச் சொல்லுங்கள். ஆண்டை மட்டும் எழுத அனுமதித்தால் பத்து மாத இடைவெளி அதற்குள் மறைந்துவிடும். இடைவெளி இருப்பது குற்றமில்லை. பிரசவம், நோய், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை, வேலை கிடைக்காத காலம் என எத்தனையோ காரணங்கள் இருக்கும். பணிவாகக் கேளுங்கள், சொல்லும் காரணத்தைக் குறித்து வையுங்கள். எந்த இடைவெளியையும் விளக்கம் இல்லாமல் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: விண்ணப்பத்தில் இரண்டு பேரின் பெயரும் கைபேசி எண்ணும் தருகிறார்கள். அழைத்தால் இருவருமே "நல்ல பெண், தங்கமான குணம்" என்கிறார்கள். இதிலிருந்து என்னதான் தெரிந்துகொள்ள முடியும்?

பதில்: இப்படி விசாரித்தால் ஒன்றும் தெரியவராது. விண்ணப்பித்தவர் தாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்த இருவர் அவரைப் பற்றிக் குறை சொல்ல வாய்ப்பே இல்லை. யாரிடம் விசாரிப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கடைசியாக வேலை பார்த்த இடத்தையும், அதற்கு முன் குழந்தைகளோடோ நோயாளிகளோடோ வேலை பார்த்த இடத்தையும் கட்டாயம் விசாரியுங்கள். அங்கே அவருக்கு நேரடி மேற்பார்வையாளராக இருந்தவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் பொதுத் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து, அதன் வழியாக அவரைப் பிடியுங்கள். விண்ணப்பத்தில் எழுதப்பட்ட எண்ணில் பேசுபவர் உண்மையிலேயே தலைமைச் செவிலியரா, விண்ணப்பித்தவரின் அக்காவா என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வழி கிடையாது. தற்போது வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பதாக இருந்தால் அவருடைய சம்மதத்தோடு, வேலை ஏறக்குறைய உறுதியான பிறகே விசாரிப்பது நியாயம். இல்லாவிட்டால் இருக்கும் வேலையும் போய்விடக்கூடும். ஆனால் அந்தப் பதில் கைக்கு வரும் வரை அவரைக் குழந்தைகளிடம் தனியாக விடக் கூடாது.

அடுத்தது, கேட்கும் முறை. "அவர் நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்" என்ற பதில்தான் வரும். பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்வியில் தொடங்குங்கள். "எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விலகினார்?" விண்ணப்பத்தில் மூன்று ஆண்டுகள் என்று இருக்கும், மறுமுனையில் தாள் புரளும் சத்தத்துக்குப் பிறகு "பதினான்கு மாதம் இருந்திருக்கிறார்" என்பார்கள். அங்கிருந்து உரையாடல் வேறு மாதிரி ஆகிவிடும். எந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்தார், தனியாக இருந்தாரா அல்லது கூட ஒருவர் எப்போதும் இருந்தாரா, குழந்தை விடாமல் அழும்போது என்ன செய்வார், தாமாக விலகினாரா அல்லது விலகச் சொன்னீர்களா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா, விலகிய நேரத்தில் விசாரணை ஏதேனும் முடியாமல் இருந்ததா என்று வரிசையாகக் கேளுங்கள். "குழந்தைகளின் பாதுகாப்பு சம்பந்தமாக இவரைப் பற்றி எப்போதாவது கவலைப்பட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்வியை அதே சொற்களில் கேட்டுவிடுங்கள். யாரும் கேட்காததால் சொல்லாமல் விடுகிறவர்கள், நேராகக் கேட்கும்போது பொய் சொல்லத் தயங்குவார்கள்.

கடைசியாக, "நாளைக்கே அவர் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "உடனே வரச் சொல்லுங்கள்" என்று சிரித்தபடி சொல்பவரும் உண்டு. சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அதை நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்களேன்" என்பவரும் உண்டு. அந்தத் தயக்கத்தை வைத்து மட்டும் ஒருவரை நிராகரித்துவிடாதீர்கள். மேற்பார்வையாளருக்கு அவர்மீது சொந்தப் பகை இருக்கலாம். சம்பளப் பாக்கி, விடுப்பு, சங்கம் என்று வேறு சண்டைகள் இருந்திருக்கலாம். இன்னும் ஒருவரிடம் விசாரிக்க வேண்டும் என்பதே அந்தத் தயக்கம் உங்களுக்குச் சொல்லும் செய்தி. எல்லா விண்ணப்பதாரர்களைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேளுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வையுங்கள்.

கேள்வி: நான் ஒரு செவிலியர். என் பழைய மருத்துவமனை யாரைக் கேட்டாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இவற்றைத் தவிர எதையும் சொல்வதில்லை. புதிய இடத்தில் இதையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: இது உங்கள் குறையில்லை. தவறாக ஏதேனும் சொல்லிவிட்டால் அவதூறு வழக்கு வரும் என்ற அச்சத்தால் பல பெரிய நிறுவனங்கள் தேதிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் அதைக் கவனத்தோடு எழுதக் கடமைப்பட்டவர் என்றும், கவனக்குறைவாக எழுதியதால் ஊழியருக்கு இழப்பு ஏற்பட்டால் அதற்குப் பொறுப்பாவார் என்றும் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1994-இல் தீர்ப்பளித்தது. பேசாமல் இருப்பதே பத்திரம் என்ற எண்ணம் அதன் பிறகு மேலும் வலுத்தது.

உங்களுடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளின் நகல், பயிற்சிச் சான்றுகள், உங்கள் பதிவில் குறை எதுவும் இல்லை என்று செவிலியர் கவுன்சில் தரும் நன்னிலைச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். உங்களோடு ஒரே வார்டில் வேலை பார்த்து இப்போது வேறு இடத்துக்குச் சென்றுவிட்ட மேற்பார்வையாளரோ மருத்துவரோ இருந்தால், பழைய நிறுவனத்தின் விதி அவருடைய சொந்தக் கருத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. பழைய இடத்தில் எல்லோருக்கும் இதே நடைமுறைதான் என்று அதன் மனிதவளப் பிரிவிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால், உங்கள்மீது எழுந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒருவர் பணியில் இருந்த இரவுகளில் மருந்துக் கணக்கு பல முறை இடித்தது. விசாரணை தொடங்கியதும் அவர் ராஜினாமா செய்தார். நிர்வாகம் விசாரணையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, நல்லவிதமாக அனுபவச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டது. இப்போது இன்னொரு மருத்துவமனையிலிருந்து என்னை அழைத்து அவரைப் பற்றிக் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் வழக்கு வரும் என்று நிர்வாகம் எச்சரிக்கிறது. சொல்லாமல் இருக்க மனசாட்சி இடம் தரவில்லை.

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் பாதித்தது உங்களுடையது. இந்தத் துறையில் நடந்த பெருங்கொடுமைகள் பலவும் சரியாக நீங்கள் நிற்கும் இந்த இடத்தைத் தாண்டித்தான் நடந்திருக்கின்றன.

அமெரிக்காவில் சார்லஸ் கல்லன் என்ற செவிலியர் 16 ஆண்டுகளில் நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் பத்து நிறுவனங்களில் வேலை பார்த்தார். பல இடங்களில் அவர்மீது சந்தேகம் எழுந்தது. நீக்கப்பட்டார் அல்லது விலக வைக்கப்பட்டார். அடுத்த இடத்தினர் விசாரித்தபோது சந்தேகம் அவர்களைப் போய்ச் சேரவில்லை. 2003 டிசம்பரில் கைதான பிறகு, 29 பேரைக் கொன்றதாக அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஜெர்மனியில் நீல்ஸ் ஹோகல் என்ற செவிலியரின் கதையும் இதேதான். ஓல்டன்பர்க் மருத்துவமனையில் அவர் பணியில் இருக்கும்போதெல்லாம் நோயாளிகளுக்கு இதயம் நிற்பதை உடன் வேலை பார்த்தவர்கள் கவனித்திருந்தார்கள். 2002-இல் அவர் அங்கிருந்து பாராட்டி எழுதிய சான்றிதழோடு வெளியேறி, பக்கத்திலுள்ள டெல்மன்ஹார்ஸ்ட் நகர மருத்துவமனையில் சேர்ந்து, 2005-இல் கையும் களவுமாகப் பிடிபடும் வரை தொடர்ந்தார். 85 கொலைகளுக்காக 2019-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய முன்னாள் மேலதிகாரிகளும் சகாக்களும் சிலர்மீது தொடரப்பட்ட வழக்கில் 2022-இல் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். சட்டத்தின் முன் அவர்கள் குற்றமற்றவர்கள். ஆனாலும் முதல் மருத்துவமனையிலிருந்து உண்மை வெளியே வந்திருந்தால் இரண்டாவது மருத்துவமனையின் வார்டில் படுத்திருந்தவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை அந்த விடுதலை தீர்த்துவிடவில்லை.

உங்கள் முன்னாள் ஊழியர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. மருந்துக் கணக்கு இடிப்பதற்கு எழுத்துப் பிழை முதல் திருட்டு வரை, சொந்தப் போதைப் பழக்கம் வரை பல காரணங்கள் இருக்கலாம். விசாரணை முடிந்திருந்தால் அது தெரிந்திருக்கும்; அவர் நிரபராதியாக இருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். பாதியில் நிறுத்தியதால் நிர்வாகம் நோயாளிகளுக்கு மட்டுமின்றி அவருக்கும் அநீதி செய்திருக்கிறது.

"சொன்னால்தான் வழக்கு வரும்" என்ற நம்பிக்கையும் முழுமையானதில்லை. கலிபோர்னியாவில், மாணவியரிடம் தவறாக நடந்ததாகப் புகார்கள் இருந்த ஒருவரைப் பற்றி அவற்றை மறைத்துப் புகழ்ந்து எழுதிய முன்னாள் பள்ளி நிர்வாகங்கள், அடுத்த பள்ளியில் பாதிக்கப்பட்ட மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்புடையவை ஆகலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. கல்லன் வழக்குக்குப் பிறகு நியூஜெர்சி 2005-இல் இயற்றிய சட்டம், இன்னொரு மருத்துவ நிறுவனம் விசாரிக்கும்போது நோயாளி பராமரிப்பு தொடர்பான உண்மைகளைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்பவரைப் பாதுகாக்கவும் செய்கிறது. குழந்தைகளுக்கோ நலிந்தவர்களுக்கோ தீங்கு செய்ததற்காக ஒருவரைப் பணியிலிருந்து அகற்றினால், அல்லது அகற்றப்படுவதற்கு முன்பே அவர் விலகிக்கொண்டாலும்கூட, தடைப் பட்டியல் அமைப்புக்குத் தெரிவிப்பது பிரிட்டனில் சட்டப்படியான கடமை. ராஜினாமாக் கடிதம் அந்தக் கடமையை ரத்து செய்துவிடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லாதீர்கள். பதிவேட்டில் உள்ளதைச் சொல்லுங்கள். "அவர் திருடியிருப்பார் என்று நினைக்கிறேன்" என்று பேசினால் வம்பு உங்களுக்கு வந்து சேரும். "இன்ன தேதிகளில் அவருடைய ஷிப்டில் இன்ன மருந்தின் இருப்பில் வித்தியாசம் பதிவாகியுள்ளது. விசாரணை தொடங்கியது. முடியும் முன் அவர் விலகினார். எந்த முடிவும் எட்டப்படவில்லை" என்பது ஆவணத்தில் இருக்கும் உண்மை, கடைசி வாக்கியத்தையும் விடாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவருக்குச் சேர வேண்டிய நியாயம். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் கேட்கச் சொல்லி, எழுத்தில் பதில் தாருங்கள். அதற்கு முன், தவறான சான்று கொடுப்பதில் உங்களுக்குச் சம்மதம் இல்லை என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, உங்கள் ஊரின் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கடித வாசகத்தைக் காட்டிவிடுங்கள். எழுத்தில் பதில் தர நிர்வாகம் அடியோடு தடை விதித்தால், வந்து கேட்டவரிடம் புகழ்ச்சியாக ஒரு சொல்லும் சொல்லாமல், "நான் பதில் தர அனுமதிக்கப்படவில்லை; நிர்வாகத்திடம் விசாரணைக் கோப்பைப் பற்றி எழுத்தில் கேளுங்கள்" என்றாவது சொல்லுங்கள். மருந்து சம்பந்தப்பட்ட முறைகேட்டைச் செவிலியர் கவுன்சிலுக்குத் தெரிவிக்கும் வழியும் உங்களுக்கு இருக்கிறது. உரிமம் பற்றிய முடிவெடுக்கும் அதிகாரமும், முடியாமல் போன விசாரணையை முடிக்கும் அதிகாரமும் அவர்களிடம்தான் உண்டு.

கேள்வி: எங்கள் சிறிய மருத்துவமனைக்கு வெளிநாட்டில் படித்த ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். பட்டம், பதிவுச் சான்று, அனுபவச் சான்று எல்லாம் அசல் தாளிலேயே காட்டினார். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அசல் போலத் தோன்றுவதும் அசலாக இருப்பதும் வேறு வேறு. விண்ணப்பித்தவர் கையிலிருந்து வரும் எந்தத் தாளையும், அதை வழங்கிய இடத்தில் நேரடியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்திடம் பட்டத்தையும், கவுன்சிலிடம் பதிவு எண்ணையும், அந்தப் பதிவு இன்று நடப்பில் இருக்கிறதா, நிபந்தனையோ தடையோ உண்டா என்பதையும் கேளுங்கள். பல கவுன்சில்கள் பதிவேட்டை இணையத்தில் வைத்திருப்பதால் இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

சோலியா அலெமி என்பவர் நியூசிலாந்துப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றதாகப் போலிச் சான்று காட்டி 1995-இல் பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனநல மருத்துவராக வேலை பார்த்தார். 2023-இல் அவருக்கு ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பதிவு பெற்ற அதே வழியில் வந்த ஏறக்குறைய 3,000 மருத்துவர்களின் ஆவணங்களை மருத்துவக் கவுன்சில் மறுபடி சரிபார்க்க வேண்டி வந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்த மோசடியோ வேறு விதமானது. ஃபுளோரிடாவின் மூன்று பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் செவிலியர் பட்டயங்களை விற்றிருந்தன. வாங்கியவர்களில் பலர் உரிமத் தேர்வை உண்மையிலேயே எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள். அவர்கள் கையில் இருந்த உரிமம் அசல்; அதற்கு அடிப்படையான படிப்புதான் பொய். உரிமத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இன்னொன்றை நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சொல்வதுண்டு. ஜெயந்த் படேல் என்ற அறுவை மருத்துவர் 2003-இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகர மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்கு முன்பே அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் சில வகை அறுவைகளைச் செய்ய அவருக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. நியூயார்க் உரிமத்தை 2001-இல் அவர் ஒப்படைத்துவிட்டிருந்தார். ஒரேகான் தந்த சான்றிலேயே, பொது ஆணை ஒன்று (அதாவது, அவர்மீதான கட்டுப்பாட்டைச் சொல்லும் ஆணை) கோப்பில் உள்ளது, இணைப்பைப் பார்க்கவும் என்ற குறிப்பு இருந்தது. அந்த இணைப்பு வந்து சேரவில்லை. அது எங்கே என்று பதிவு வாரியத்தில் யாரும் கேட்கவில்லை. நோயாளிகள் பாதிக்கப்பட்டு, ஒரு செவிலியர் விடாப்பிடியாகப் புகார் செய்த பிறகே 2005-இல் விசாரணை ஆணையங்கள் அமைக்கப்பட்டன. கட்டுப்பாடுகளை மறைத்துப் பதிவும் வேலையும் பெற்ற மோசடியை 2013-இல் படேல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தாளில் உள்ள ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். "இணைப்பு" என்று இருந்தால் இணைப்பு உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இருபது வயதில், தெருச் சண்டை ஒன்றில் மாட்டி அபராதம் கட்டினேன். இப்போது முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் பழைய வழக்கு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். மறைத்துவிடலாமா?

பதில்: முதலில், உங்கள் சட்டப்படி அந்த வழக்கைச் சொல்லியாக வேண்டுமா என்று பாருங்கள். பல நாடுகளில் சிறு குற்றங்கள் சில ஆண்டுகளில் கணக்கிலிருந்து நீங்கிவிடும். ஆனால் குழந்தைகள், முதியோர் தொடர்பான வேலைகளுக்கு விதிவிலக்காகப் பழையவற்றையும் கேட்க அனுமதி உண்டு. சொல்ல வேண்டும் என்று விதி இருந்தால் சொல்லிவிடுங்கள். என்ன நடந்தது, என்ன தண்டனை, அதன் பிறகு எப்படி இருந்தீர்கள் என்று நான்கு வரி எழுதி, விண்ணப்பத்தோடு இணையுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், சண்டையைவிட மறைத்ததே உங்களை வெளியே அனுப்பும்.

வேலை தருகிறவர்களுக்கும் இங்கே கடமை உண்டு. குற்றத்தின் தன்மை, அது நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று, செய்யப்போகும் வேலையோடு அதற்கு என்ன தொடர்பு என்ற மூன்றையும் எடைபோட வேண்டும் என்று அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எந்த நாட்டிலும் பொருந்தும் அளவுகோல் இது. குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்தவரைக் காப்பகத்தில் சேர்ப்பது பற்றிப் பேச்சுக்கே இடமில்லை. இருபது வயதில் சண்டை போட்ட ஒருவரை முப்பத்திரண்டு வயதிலும் வாசலிலேயே நிறுத்துவது வேறு விஷயம், அது நியாயமில்லை. பின்னணி அறிக்கையில் பாதகமாக ஏதேனும் வந்தால் அதன் நகலை அவரிடம் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் வழக்கு ஏறிவிடுவது நடக்கக்கூடியதுதான்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் தாயாரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒருவரை அமர்த்தவிருக்கிறோம். எல்லாம் சரிபார்த்த ஆள் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எதைச் சரிபார்த்தார்கள், யார், எந்தத் தேதியில் சரிபார்த்தார்கள் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அடையாள அட்டை நகல் வாங்கி வைத்ததையே சரிபார்ப்பு என்று சொல்லும் ஏஜென்சிகள் உண்டு. முன்பு அவர் பார்த்துக்கொண்ட குடும்பங்களில் இரண்டோடு நீங்களே நேரில் பேசுங்கள். கடைசி நேரத்தில் ஆளை மாற்றி அனுப்பினால், வந்தவருக்கும் இதே விவரங்கள் கிடைக்கும் வரை ஏற்காதீர்கள்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. இதுவரை எந்தத் தவறும் செய்யாத ஒருவரைப் பற்றி எந்தச் சரிபார்ப்பும் எச்சரிக்க முடியாது. பெவர்லி ஆலிட் என்ற செவிலியர் 1991 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இங்கிலாந்தின் கிரந்தம் நகர மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் 13 குழந்தைகளைத் தாக்கினார், நால்வர் இறந்தனர். அவருக்குப் பழைய வழக்கு எதுவும் இல்லை. அளவுக்கு மீறி இன்சுலின் காட்டிய ரத்தப் பரிசோதனையும், சம்பவம் நடந்த ஒவ்வொரு முறையும் பணியில் இருந்தவர் யார் என்று பார்த்த பணிப்பட்டியலுமே அவரைக் காட்டிக்கொடுத்தன. ஆகவே வேலைக்கு வந்த முதல் சில வாரங்கள் வீட்டில் ஒருவர் உடன் இருங்கள். மருந்து கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, நாள்தோறும் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் தாயாரின் தோலில் புதிய கன்றல் தெரிந்தால், காரணமில்லாமல் அதிகம் தூங்கினால், பணியாளர் வந்ததும் தாயாரின் முகம் மாறினால், அதைப் பொருட்படுத்துங்கள். நல்ல பணியாளர் இதையெல்லாம் அவமானமாக நினைக்க மாட்டார். அவரை வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே, இது எல்லோருக்கும் உள்ள நடைமுறை என்று மரியாதையோடு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு முறை சரிபார்த்துவிட்டால் போதுமா, மறுபடியும் செய்ய வேண்டுமா?

பதில்: செய்ய வேண்டும். சான்றிதழ் அது வழங்கப்பட்ட நாள் வரைக்கும்தான் பேசும். அரசு நிதி பெறும் குழந்தைகள் காப்பகங்களின் ஊழியர்களுக்குக் கைரேகை, பாலியல் குற்றவாளிகள் பட்டியல், குழந்தை வதைப் பதிவேடு ஆகியவற்றின் சரிபார்ப்பை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2014-இல் சட்டம் செய்தது. மருத்துவர்களைப் பொறுத்தவரை, அவர்கள்மீதான இழப்பீடுகளையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் பதிவு செய்து 1990 முதல் அங்கே இயங்கும் தேசியத் தரவு வங்கியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மருத்துவமனைகள் விசாரித்தாக வேண்டும். உங்கள் பகுதியில் இப்படி விதி இல்லாவிட்டாலும், பணி ஒப்பந்தத்திலேயே புதுப்பிக்கும் கால அளவை எழுதிவிடுங்கள். புதிய வழக்கோ உரிமத் தடையோ வந்தால் ஊழியர் தாமே உடனே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். பல ஆண்டுகளாக உங்களிடமே இருக்கும் மூத்த ஊழியர்களின் கோப்புகளையும் எடுத்துப் பாருங்கள். அவர்களில் சிலருக்கு முதல் சரிபார்ப்பே நடந்திருக்காது.